லாவ்மாட் கேட்ட கேள்விகள்

லாவ்மாட்டில் ஜெலிந்தோ லொந்தெரோவின் கை படாத சுவர் அபூர்வம். பள்ளிக்கூடத்தின் பின்சுவர், தேவாலயத்துக்கு ஏறும் படிகள், பனிச்சரிவைத் தடுக்க மேட்டில் அடுக்கிய கல்வரிசை, ஊராட்சி எழுத்தர் ஃப்ரீட்லி ரீனர் வீட்டு நிலவறை, எல்லாம் அவர் கட்டியவைதான். ஆனாலும் அறுபத்தேழு வயதுவரை அவர் இந்த ஊர்க்காரர் இல்லை. சுவிட்சர்லாந்தின் கிளாருஸ் பள்ளத்தாக்கில் பாதி ஆயுளுக்கு மேல் கழித்து, வரி கட்டி, முதுகெலும்பு தேய்ந்து, ஓய்வூதியமும் வாங்கத் தொடங்கிய பிறகும் அவர் இத்தாலியர்தான்.

அவர் வந்தது ஐம்பத்தெட்டாம் ஆண்டு. வடக்கு இத்தாலியில், ஃப்ரியூலிப் பக்கம், ஜெமோனாவுக்கு அடுத்த ஒரு சிற்றூர் அவருடைய பிறந்த இடம். பள்ளத்தாக்கின் மேல்முனையில் பெரிய அணை கட்ட ஆள் எடுத்தார்கள். இருபத்திரண்டு வயதுப் பையனாக வந்து சுரங்கத்தில் இறங்கினார். அணை முடிந்ததும் மற்றவர்கள் வேறு அணை தேடிப் போனார்கள். ஜெலிந்தோ லாவ்மாட்டில் ஒரு கட்டுமானக்காரரிடம் கொத்தனாராகச் சேர்ந்துவிட்டார். ஊரிலிருந்து நெரீனாவைக் கல்யாணம் செய்து அழைத்து வந்தார். அவளுக்கு நூற்பாலையில் வேலை கிடைத்தது. லொரெட்டா பிறந்தாள். அவள் ஒருத்திதான்.

வந்த நாளிலிருந்து அவர் சொன்னது ஒன்றுதான்: "ரெண்டு வருஷத்துல ஊருக்குப் போயிடலாம்." அந்த இரண்டு வருஷம் முடியவே இல்லை. ஊரில் ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார். விடுமுறைக்கு விடுமுறை போய் ஒரு சுவர் எழுப்பிவிட்டு வருவார். கூரை ஏறியதும் போய்விடுவது என்று இருந்தபோது எழுபத்தாறாம் ஆண்டு நிலநடுக்கம் வந்து ஜெமோனாவையே புரட்டிப் போட்டது. வீடு கற்குவியலாகிவிட்டது. வேறு யாராக இருந்தாலும் அத்தோடு விட்டிருப்பார்கள். ஜெலிந்தோ அடுத்த கோடையிலேயே கரணையை எடுத்துக்கொண்டு போய் அஸ்திவாரத்திலிருந்து மறுபடி தொடங்கினார்.

அவரைப் பற்றி ஊரில் யாருக்கும் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. அவருக்கு வாசிக்க வராது. சிறு வயதில் படித்த இத்தாலியச் சொற்களையே விரல் வைத்துத்தான் கூட்டுவார். ஜெர்மன் எழுத்து அறவே ஓடாது. பேச்சு மட்டும் இந்தப் பள்ளத்தாக்குக்காரர்களைப் போலவே வரும். கெட்ட வார்த்தைகளைக்கூட உள்ளூர்க்காரர்களைவிட அழகாகச் சொல்வார். வரைபடத்தை ஒரு தடவை பார்த்தால் வீடு முழுவதும் மனசில் நின்றுவிடும். ஆனால் ஓரத்தில் எழுதியிருப்பதை மட்டும், "கண்ணாடியை வீட்டுல விட்டுட்டேன், என்ன கிறுக்கியிருக்கான் பாரு" என்று பக்கத்தில் இருப்பவனிடம் நீட்டுவார். அவர் கண்ணாடி போட்டு அதுவரை ஒருவரும் பார்த்ததில்லை. அது யாருக்கும் உறைக்கவும் இல்லை.

நெரீனா அப்படியில்லை. ஆலை அறிவிப்புப் பலகையில் தொடங்கி, மகளின் பள்ளிப் புத்தகங்கள்வரை எல்லாவற்றையும் வாசித்து வாசித்தே ஜெர்மன் கற்றுக்கொண்டாள்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு வசந்தத்தில் ஃப்ரீட்லி ரீனர் ஜெலிந்தோவின் வீட்டுக்கு வந்தார். நிலவறை கட்டிய காலத்திலிருந்தே இருவரும் ஒருமையில் பேசிக்கொள்ளும் அளவுக்குப் பழக்கம்.

"ஜெலிந்தோ, குடியுரிமைக்கு எழுதிக் குடுத்துடு. மன்றத்துல யாரும் எதிர்க்க மாட்டாங்க. நான் கேட்டுப் பாத்துட்டேன்."

"எதுக்கு? நாங்கதான் ஊருக்குப் போறோமே."

"போ, வேண்டாம்னு யாரு சொன்னா. உன் பொண்ணு அஞ்சலகத்துல பயிற்சிக்குச் சேரணும்ங்கிறா. அதுக்கு இந்த நாட்டுக் குடியுரிமை வேணும். உன் பொண்டாட்டி தனியா எழுதிக் குடுக்க முடியாது, சட்டம் அப்படி. நீ குடுத்தா மூணு பேருக்கும் சேத்துக் கிடைக்கும். நீ குடுக்கலைன்னா மூணு பேருக்கும் இல்ல."

"என் இத்தாலியக் கடவுச்சீட்டைத் திருப்பிக் குடுக்கணும்ல?"

"குடுக்கணும். என்ன, அதை வெச்சு பொலெந்தாக் களியா கிண்டப் போற?"

நெரீனா சிரித்துவிட்டாள். ஜெலிந்தோவும் சிரித்தார். அன்று மறுக்க முடியாமல் சரி என்றார். நெரீனா படிவத்தை நிரப்பினாள், அவர் கையெழுத்து மட்டும் போட்டார். கையெழுத்து அவருக்கு நன்றாக வரும்.

பிறகு தாயும் மகளும் படிக்க உட்கார்ந்தார்கள். ஊராட்சிக் குழு நேரில் கூப்பிட்டுக் கேள்வி கேட்கும். நாட்டைப் பற்றியும் கேட்கலாம், ஆனால் எங்கள் பக்கத்துக் குழுக்களுக்கு எங்கள் பள்ளத்தாக்கைப் பற்றிக் கேட்பதில்தான் பிரியம். மாநிலக் கொடியில் நிற்கும் துறவி யார், எந்த ஆண்டு கிளாருஸ் நகரம் தீப்பிடித்து எரிந்தது, நேஃபெல்ஸ் போரில் யார் யாரை விரட்டினார்கள், எல்ம் ஊரின் மேல் மலை சரிந்தது எப்போது, மே மாத முதல் ஞாயிற்றுக்கிழமை திறந்த வெளியில் கூடிக் கை தூக்கி வாக்களிக்கும் பெருங்கூட்டத்தில் யார் பேசலாம். பள்ளி ஆசிரியரிடம் புவியியல் புத்தகம் ஒன்றை இரவல் வாங்கி வந்தார்கள். சமையலறையில் மகள் கேட்க, தாய் பதில் சொல்வாள். லிண்ட் ஆற்றின் மேல்முனையிலிருந்து ஏரிவரைக்கும் ஒவ்வொரு ஊராக நெரீனா பாட்டுப் போலச் சொல்லி இறங்குவாள். தப்பினால் மறுபடி மேலிருந்து.

அடுத்த அறையில் ஜெலிந்தோ செருப்புக்கு எண்ணெய் போட்டபடி கேட்டுக்கொண்டிருப்பார்.

"அப்பா, நீயும் வா. உன்னையும்தான் கேப்பாங்க."

"எனக்குத் தெரியாததா? இந்த மலையைக் குடைஞ்சதே நான்தான்."

"சரி, கொடியில நிக்கிற சாமியார் பேரு என்ன?"

"ஃப்ரீடோலின். இந்த ஊர்ல பாதிப் பேருக்கு அந்தப் பேருதான், கல்லை விட்டெறிஞ்சா ஒரு ஃப்ரீட்லி மண்டையிலதான் விழும்."

லொரெட்டா விழுந்து விழுந்து சிரித்தாள். உற்சாகத்தில் புத்தகத்தை அவர் மடியில் வைத்து, "இந்தப் பக்கத்தைச் சத்தமா வாசி, அங்க வாசிக்கச் சொன்னாலும் சொல்லுவாங்க" என்றாள். அவர் புத்தகத்தைச் சற்று நேரம் பார்த்தார். விறகுக் கொட்டகையில் ஒரு வேலை இருக்கிறது என்று எழுந்து போனார். லொரெட்டாவுக்கு அப்போது பதினாறு முடிந்து பதினேழு நடந்துகொண்டிருந்தது. அப்பாவுக்கு அலட்சியம் என்றுதான் நினைத்தாள். நெரீனா விறகுக் கொட்டகைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குழு கூப்பிட்ட நாள் வந்தது. சாயங்காலம் வரச் சொல்லியிருந்தார்கள். அன்று மதியம் ஒஸ்வால்டோ என்கிற சொந்த ஊர்க்காரன் ஒருவன் லாரியோடு ஜெமோனாவுக்குக் கிளம்பினான். லாரியில் இடம் இருந்தது. ஜெலிந்தோ வீட்டுக்குப் போகவில்லை. வேலை செய்துகொண்டிருந்த இடத்திலிருந்தே, முன்பே வாங்கிப் போட்டிருந்த டைல்ஸ் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு, அழுக்கு உடுப்போடு ஒஸ்வால்டோவின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டார். கணவாயைத் தாண்டும்வரை கன்னத்தில் கை ஊன்றியபடியே வந்தார். ஒஸ்வால்டோ உடம்புக்கு என்ன என்று கேட்டதற்கு, பல்வலி என்றார்.

லாவ்மாட்டில் நெரீனாவும் லொரெட்டாவும் ஞாயிற்றுக்கிழமை உடுப்பு உடுத்தி ஊராட்சி அலுவலகத்து விசிப்பலகையில் உட்கார்ந்திருந்தார்கள். குழுவினர் காத்துப் பார்த்தார்கள். குழுவில் இருந்த பால் கூட்டுறவுக்காரர் இரண்டு தடவை வாசலுக்கு வந்து தெருவைப் பார்த்தார். கடைசியில் ரீனர்தான் வந்து, "குடும்பத் தலைவர் இல்லாம எடுக்க முடியாது நெரீனா, மன்னிச்சுக்க" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். "நான் பதில் சொல்றேன், எங்கிட்ட கேளுங்க" என்று லொரெட்டா எழுந்து நின்றாள். நெரீனா அவள் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

வாரக் கடைசியில் ஜெலிந்தோ திரும்பி வந்தார். திட்டு விழும், தட்டு பறக்கும் என்று எதிர்பார்த்துத்தான் வந்தார். நெரீனா சூப்பை எடுத்து வைத்தாள்.

"டைல்ஸ் உடையாம போய்ச் சேந்துச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

"சேந்துச்சு."

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. அந்த வீட்டில் அதன் பிறகு யாரும் ஊர்ப் பெயர்களைச் சொல்லிப் பார்க்கவில்லை.

அஞ்சலகப் பயிற்சி கைவிட்டுப் போயிற்று. லொரெட்டா ரொட்டிக் கடையில் விற்பனைக்கு நின்றாள். இருபது வயதில் ஹைரியைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னாள். ஹைரி சுவிஸ்காரன், பனி வாரும் வண்டி ஓட்டுபவன், பார்க்க வாட்டசாட்டமாக இருப்பான். ஜெலிந்தோவுக்கு அவனை வேலையிடத்தில் தெரியும். இருவர் தூக்கும் பலகையில் கோபம் வந்தால் தன் முனையை மட்டும் கீழே போட்டுவிட்டு நடக்கிறவன் அவன். எதிர்முனையில் இருப்பவன் கால் என்ன ஆனாலும் கவலையில்லை. ஜெலிந்தோ அதைத் தன் கண்ணாலேயே பார்த்திருந்தார்.

சொல்ல வேண்டும் என்று நினைத்தார். எந்த முகத்தோடு சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

அந்தக் காலச் சட்டப்படி சுவிஸ்காரனைக் கட்டிக்கொள்ளும் வெளிநாட்டுப் பெண்ணுக்குத் தாலி கட்டிய கையோடு குடியுரிமையும் வந்துவிடும் என்று சொல்லலாம். இங்கே தாலி ஏது, ஒரு கையெழுத்துதான். பதிவு அலுவலகத்திலிருந்து வெளியே வந்த லொரெட்டா, பூச்செண்டைப் பிடித்தபடி, எல்லோர் முன்னாலும் சொன்னாள்:

"பாத்தியா அப்பா, ஒரு ஏரி பேரு கூடக் கேக்கல."

எல்லோரும் சிரித்தார்கள். ஜெலிந்தோவும் சிரித்தார்.

ஹைரி கை நீட்டவில்லை. ஆனால் வாயால் சாகடித்தான். சாப்பாட்டில் உப்பு குறைந்தாலும், வண்டிச் சாவி காணாமல் போனாலும், "நான் மட்டும் இல்லைன்னா உன்னை எப்பவோ மலைக்கு அந்தப் பக்கம் இத்தாலிக்கே அனுப்பியிருப்பாங்க" என்பான். விருந்தாளிகள் முன்னாலும் சொல்வான். வேடிக்கை போலச் சொல்வான். சில வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு லொரெட்டா ஒரு பெட்டியோடு விண்டர்தூர் நகரத்துக்குப் போய்விட்டாள். அங்கே மருத்துவமனை ஒன்றின் சமையற்கூடத்தில் வேலை. குழந்தை இல்லை. லாவ்மாட்டுக்கு வருவதும் குறைந்துபோயிற்று. கிறிஸ்துமஸுக்கு வந்தால் மதியம் சாப்பிட்டுவிட்டு, இருட்டுமுன் ரயிலைப் பிடித்துவிடுவாள்.

ஓய்வு பெற்ற மறுகோடையில் ஜெலிந்தோவும் நெரீனாவும் ஒருவழியாக ஃப்ரியூலி வீட்டுக்குக் குடிபோனார்கள். வீடு நன்றாகத்தான் இருந்தது. நிலநடுக்கம் வந்தாலும் அசையாதபடி கட்டியிருந்தார். ஆனால் தெருவில் அவர்களுக்குப் பெயர் "சுவிஸ்காரங்க" என்று ஆகிவிட்டது. கடைக்காரன் மதியம் கடையை மூடிவிட்டு நினைத்தபோது திறப்பது ஜெலிந்தோவுக்குப் பொறுக்கவில்லை. குப்பை வண்டி சொன்ன நேரத்துக்கு வராததைப் பற்றி அண்டை வீட்டுக்காரரிடம் புலம்பினார். அவர், "அப்ப நீ உன் நாட்டுக்கே போயேன்யா" என்றார். சண்டைக்குச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். சாயங்காலம் முற்றத்தில் உட்கார்ந்தால் எதிரே மலை இருந்தது. அதன் பெயர் அவருக்கு மறந்துபோயிருந்தது. நெரீனாவிடம் கேட்டார். அவளுக்கும் நினைவில்லை.

திராட்சை அறுவடைக்கு முன்பே, "போயிடலாம்" என்றார். எங்கே என்று அவள் கேட்கவில்லை. உடனே பெட்டியை எடுத்து வைத்தாள்.

லாவ்மாட்டுக்குத் திரும்பிய குளிர்காலத்தில்தான் அவர் பேச்சை எடுத்தார். நெரீனா காய்ந்த பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப சட்டம் மாறிடுச்சாம். இத்தாலியக் கடவுச்சீட்டையும் வெச்சுக்கலாமாம்."

"தெரியும். பத்து வருஷமா அப்படித்தான்."

"எழுதிக் குடுக்கலாம்னு பாக்குறேன்."

"குடு."

"ரெண்டு பேரும் சேந்து."

அவள் கையிலிருந்த பீன்ஸை உரித்து முடித்தாள். "இப்ப நான் தனியாவே எழுதிக் குடுக்கலாம், அதுவும் பத்து வருஷமா. வேணும்னா குடுத்திருக்க மாட்டேனா?"

"ஏன் குடுக்கல?"

"ஒரு தடவை படிச்சுட்டேன் ஜெலிந்தோ. அந்த விசிப்பலகையில ஒரு தடவை உக்காந்துட்டேன். இன்னொரு தடவை உக்கார மாட்டேன். நீ போ. வேணும்னா கேள்வி கேக்குறேன்."

அப்படித்தான் அவருடைய படிப்பு தொடங்கியது. புத்தகம் கிடையாது, நெரீனாவின் தலையில் எல்லாம் அப்படியே இருந்தது. அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே, சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்பாள். அவர் காதால் கேட்டு மனப்பாடம் செய்ய வேண்டும். அறுபத்தாறு வயதுத் தலையில் அது லேசில் ஏறவில்லை.

"கிளாருஸ் எரிஞ்சது?"

"ஆயிரத்து எண்ணூத்து... எண்பத்தொண்ணு."

"அது எல்ம்ல மலை சரிஞ்சது. நெருப்புக்கு இருபது வருஷம் முந்தி போ."

"அறுபத்தொண்ணு. எது எரிஞ்சா என்ன, எது சரிஞ்சா என்ன, ரெண்டையும் கொத்தனார்தான் வந்து கட்டியிருப்பான்."

"அதைக் குழுகிட்ட சொல்லு, கை தட்டுவாங்க. நேஃபெல்ஸ்ல சண்டை போட்டது யாரு?"

"நாம."

"நாமளா?" நெரீனா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"கிளாருஸ்காரங்க, ஆஸ்திரியாக்காரங்களோட" என்று திருத்திக்கொண்டார்.

இப்படியே பனி உருகும்வரை ஓடியது. அவள் கண்டிப்பான வாத்தியார். ஒரு ஊரை விட்டாலும் மறுபடி ஆற்றின் உச்சிக்கு ஏற்றிவிடுவாள். ஒருநாள் அவர் முதல் தடவையாக ஏரிவரை தப்பில்லாமல் வந்து சேர்ந்தார். சின்னப் பையன் போல நிமிர்ந்து பார்த்தார். அவள் பாராட்டவில்லை. திரும்பி நின்று அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி இதெல்லாம் மறக்காம வெச்சிருக்க?" என்று கேட்டார்.

"உனக்குச் சொல்லிக் குடுக்கத்தானே படிச்சேன். எனக்கும் பொண்ணுக்கும் மட்டும்னா பாதி போதும். நீ வாசிக்க மாட்ட, காதால கேட்டா பிடிச்சுக்குவன்னு சத்தம் போட்டுச் சொன்னேன். கதவைத் திறந்து வெச்சுட்டுத்தான் சொன்னேன்."

ஜெலிந்தோ மேசை விரிப்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நான் ஓடினது டைல்ஸுக்காக இல்ல" என்றார்.

"கூரையே ஏறாத வீட்டுக்கு டைல்ஸ் எதுக்குன்னு அன்னைக்கே தெரியாதா எனக்கு."

"அவங்க ஒரு தாளை எடுத்து நீட்டி வாசின்னு சொல்லியிருந்தா... ரீனரு இருப்பான், கூட்டுறவுக்காரன் இருப்பான். அவங்க வீட்டுக்கெல்லாம் போய்த்தான் நான் வேலை செய்யணும்."

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் ஒண்ணும் கேக்கல?"

"கேட்டா நீ சொல்லியிருப்பியா?"

சொல்லியிருக்க மாட்டார். அது அவருக்கே தெரியும். அவள் துணியைப் பிழிந்து காயப் போட்டுவிட்டு, "டோடி மலைக்கு என்ன உயரம்?" என்று அடுத்த கேள்விக்குப் போனாள்.

குழு ஜூன் மாதத்தில் கூப்பிட்டது. கடுதாசியை நெரீனாதான் வாசித்துச் சொன்னாள். குழுத் தலைவி எல்மர் அம்மாள், வங்கிக் கிளையில் வேலை பார்ப்பவர், ஜெலிந்தோவின் மகள் வயதுதான் இருக்கும். அவரும் வேறு நான்கு பேரும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். மேசையில் தாள்கள் இருந்தன. ஒவ்வொரு தடவை எல்மர் அம்மாள் அவற்றைத் தொடும்போதும் ஜெலிந்தோவின் கண் அங்கேயே போயிற்று.

"ஹெர் லொந்தெரோ, நம்ம மாநிலத்துல இருக்கிற ஏரி ரெண்டு சொல்லுங்க."

சொன்னார். மூன்றாவதாக, அவர் கட்டிய அணையின் நீர்த்தேக்கத்தையும் சொன்னார். தீ கேட்டார்கள், மலைச்சரிவு கேட்டார்கள், பெருங்கூட்டம் கேட்டார்கள். குழுவில் ஒருவர், ஜெலிந்தோவின் வீட்டு மாடியில் குடியிருப்பது யார் என்று கேட்டார். யார், அவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள், அவர்கள் பூனைக்கு என்ன பெயர் என்பதுவரை சொன்னார். பூனைக்கு வந்தபோது எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எல்மர் அம்மாள் தாள்களை அடுக்கி மூடி, "போதும், ரொம்ப நன்றி" என்று எழுந்து கை கொடுத்தார்.

தாளை யாரும் அவர் பக்கம் நகர்த்தவே இல்லை.

வெளியே வந்தபோது தபால் நிலைய மூலையில் ரீனர் ஊன்றுகோலோடு நின்றுகொண்டிருந்தார். எண்பதைத் தொட்டுவிட்டார். பக்கத்து மதுவிடுதிக்கு அழைத்துப் போய் இருவருக்கும் பீர் சொன்னார்.

"எப்படிப் போச்சு?"

"பேசிக்கிட்டுத்தான் இருந்தாங்க. வாசிக்கச் சொல்லல."

"வாசிக்கவா? எதை?"

"அந்தக் காலத்துல வாசிக்கச் சொல்லுவீங்கல்ல, எண்பத்து மூணுல."

ரீனர் கோப்பையைக் கீழே வைத்தார். "யாரு சொன்னா? எப்பவும் அப்படிக் கிடையாது. உன்னை என்னத்தக் கேக்கப் போறோம்? நான் எழுதியே வெச்சிருந்தேன். அணையில எத்தனை வருஷம் வேலை செஞ்சன்னு ஒரு கேள்வி. லாவ்மாட் பிடிச்சிருக்கான்னு ஒரு கேள்வி. அவ்வளவுதான். கால் மணி நேரத்துல முடிச்சுட்டு, இதே மேசைக்கு வந்து குடிக்கிறதா இருந்தோம். உன் பொண்ணுகிட்ட மட்டும் நாலஞ்சு கேட்டிருப்போம், அது அவ்வளவு ஆசையா படிச்சுதுன்னு வாத்தியார் சொன்னார்."

ஜெலிந்தோ பீரைத் தொடவில்லை. ரீனர் அவர் முகத்தைப் பார்த்தார். என்ன புரிந்துகொண்டாரோ, மேற்கொண்டு கேட்கவில்லை. சன்னல் வழியே தெரிந்த நாற்றுப் பாத்திகளைப் பற்றி ஏதோ பேசினார்.

இலையுதிர்காலத்து ஊர்க்கூட்டத்தில் அவர் பெயர் வந்தது. எதிர்த்து ஒரு கைகூட எழவில்லை. பின்வரிசையில் யாரோ, "இவன் இன்னுமா ஊர்க்காரன் ஆகல?" என்று கேட்டது அவர் காதில் விழுந்தது. மாநிலத்தின் கையெழுத்தும் நடுவணரசின் கையெழுத்தும் ஆகி, மறு ஆண்டு வசந்தத்தில் சிவப்புக் கடவுச்சீட்டு வந்து சேர்ந்தது. நெரீனா அதை வாங்கிப் பார்த்து, "படத்துல கோபமா இருக்க" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள்.

அந்த வாரமே அவர் விண்டர்தூருக்குக் கிளம்பினார். நெரீனா கூட வரவில்லை. மருத்துவமனைக்குப் பின்புறம், சரக்கு இறக்கும் இடத்தில் லொரெட்டா வெள்ளைக் கோட்டோடு, தலைமுடிக்கு வலை போட்டபடி வந்தாள். சிகரெட் பற்றவைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்தாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அம்மாவுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"இல்ல, நல்லா இருக்கா. நான் இதைக் காட்டலாம்னு வந்தேன்."

அவள் கடவுச்சீட்டைப் புரட்டினாள். "நல்லது. ரொம்ப கேட்டாங்களா?"

"கேட்டாங்க. லொரெட்டா, அன்னைக்கு நான் ஊருக்குப் போனது வேலைக்காக இல்ல. பயந்து ஓடினேன். எனக்கு வாசிக்க..."

"தெரியும்பா."

"யாரு சொன்னா?"

"அம்மா. அன்னைக்கு நடந்து வீட்டுக்கு வர்றப்பவே சொல்லிட்டா. அப்பாவைக் கேக்காத, அப்பாவுக்கு எழுத்து தெரியாது, அது அவருக்கு அவமானம்னா. நான் கேக்கல."

ஜெலிந்தோவுக்கு இருபது வருஷமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்த பேச்சு அத்தனையும் காலடியில் சரிந்துவிட்டது போலிருந்தது. "அப்ப உனக்கு என் மேல கோபம் இல்லையா?" என்று கேட்டார். கேட்டிருக்கக் கூடாது என்று உடனே தோன்றியது.

லொரெட்டா புகையை அந்தப் பக்கம் திரும்பி விட்டாள்.

"அதுக்கு இல்ல. அஞ்சலகம் போனா போவுது, இப்ப எத்தனை அஞ்சலகத்தை மூடிட்டான். ஹைரி எப்படிப்பட்டவன்னு உனக்குத் தெரியும்தானே? அவன் கூட வேலை செஞ்சிருக்க."

அவர் தலையசைத்தார்.

"வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் கேட்டிருப்பேனோ மாட்டேனோ. ஆனா நீ சொல்லுவன்னு காத்துக்கிட்டிருந்தேன். பதிவு அலுவலகத்துப் படி ஏறுறவரைக்கும்." சிகரெட்டைப் படியில் நசுக்கினாள். "ஏரியைப் பத்தி அன்னைக்குச் சொன்னேனே, அப்பவாவது நீ கோபப்படுவன்னு பாத்தேன். நீ சிரிச்ச."

உள்ளிருந்து யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்து கோட்டைத் தட்டிவிட்டு, குனிந்து அவர் கன்னத்தில் முத்தமிட்டாள். "வெயில்ல உக்காராத. ரயிலுக்கு நேரம் இருந்தா கீழ உணவகத்துல ஏதாவது சாப்பிடு, என் பேரைச் சொல்லு" என்றாள். கதவு மூடிக்கொண்டது. ஜெலிந்தோ உணவகத்துக்குப் போகவில்லை. படிக்கட்டின் ஓரத்தில் காரை பெயர்ந்திருந்ததைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, ரயிலடிக்கு நடந்தார்.

வீட்டுக்கு வந்தபோது நெரீனா உருளைக்கிழங்கு வேக வைத்திருந்தாள். அவர் கோட்டைக் கழற்றாமலேயே மேசையில் உட்கார்ந்தார்.

"என்ன சொன்னா?"

"ஹைரியை வேண்டாம்னு நான் சொல்லியிருக்கணுமாம்."

நெரீனா கிழங்கை வடிகட்டினாள். ஆவி அவள் முகத்தை மறைத்தது.

"நானும்தான் சொல்லல" என்றாள். "உனக்காவது அவனைப் பத்தித் தெரியும், பயந்துட்ட. எனக்குத் தெரியாது, ஆனா அவ மனசில்லாமத்தான் கட்டிக்கிறான்னு முகத்தைப் பாத்தா தெரிஞ்சுது. அவளுக்காவது குடியுரிமைக் கடுதாசி கிடைக்கட்டும்னு இருந்துட்டேன்."

இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். அவள் கிளாருஸில் செய்யும் மூலிகைப் பச்சைச் சீஸைத் துருவி அவர் தட்டில் போட்டாள்.

ஜெலிந்தோ அதன் பிறகு ஆறு வருஷம் இருந்தார். ஊர்க்கூட்டங்களுக்குத் தவறாமல் போவார், பேச மாட்டார். நெரீனா கடைசிவரை எழுதிக் கொடுக்கவில்லை; இன்றும் இத்தாலியக் கடவுச்சீட்டுதான். அவர் அடக்கத்துக்கு லொரெட்டா வந்தாள், நான்கைந்து நாள் தங்கினாள். இப்போது மாதம் ஒரு ஞாயிறு வருகிறாள். மதியம் தாயும் மகளும் ஆற்றங்கரையோரமாக மேல் ஊர்வரை நடந்துவிட்டு, பேருந்து பிடித்துக் கீழே திரும்பி வருவதைப் பார்க்கலாம்.